ஒரே தெரு, இரண்டு சட்டம்

போன மாதம் எங்கள் கோவில்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும், "அவங்க ரெனோன்சான் குடும்பம் தம்பி. சொத்து விஷயத்துல அவங்களுக்குச் சட்டமே வேற" என்றார்.

"பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குற சொல்தா குடும்பமா தாத்தா?" என்று கேட்டேன். "சொல்தா வேற, ரெனோன்சான் வேற. காலேஜ்ல ஹிஸ்டரி படிக்கிறேங்கிற, இது தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் பாயசத்தில் இறங்கிவிட்டார்.

மானம் போய்விட்டது :-) அதனால்தான் இந்தக் கட்டுரை. காரைக்கால் பக்கம் இல்லாத நண்பர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர். ரெனோன்சான் என்றால் 'துறந்தவர்'. எதைத் துறந்தார்? காவி கட்டிப் போகவில்லை. தன் சாதி வழக்கத்தின் சட்டத்தைத் துறந்தார். ஒரு மனிதன் தன் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு சட்டத்தை மாட்டிக்கொள்ள முடியுமா? நம் ஊரில் முடிந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் ஷாங்காய்

உலக வரலாறு படிப்பவர்களுக்கு 'கலப்பு நீதிமன்றம்' என்றதும் ஷாங்காய்தான் நினைவுக்கு வரும். அபினிப் போருக்குப் பிறகு அங்கே ஆங்கிலேயர், அமெரிக்கர், பிரெஞ்சுக்காரர் என்று ஆளுக்கொரு குடியிருப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குடியிருப்புகளுக்குள் சீனர்களும் லட்சக்கணக்கில் வந்து குடியேறினார்கள். ஒரு சீனர் மீது வழக்கு வந்தால் யார் விசாரிப்பது? 1864ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாற்காலியில் சீன நீதிபதி உட்காருவார். பக்கத்து நாற்காலியில் வெளிநாட்டுத் தூதரகத்து ஆள் ஒருவர் உட்காருவார். பிரெஞ்சுக் குடியிருப்பில் 1869 முதல் இதேபோல் தனி நீதிமன்றம் இருந்தது.

பேருக்குச் சீனச் சட்டம். நடைமுறையில் பக்கத்து நாற்காலிக்காரரின் கை ஓங்கிக்கொண்டே போனது. 1905 டிசம்பரில், குவாங்டாங் பகுதியைச் சேர்ந்த ஒரு விதவையை எந்தச் சிறையில் அடைப்பது என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு வந்தது. அது ஊர்க் கலவரமாகி உயிர்கள் போயின. 1911 புரட்சிக்குப் பிறகு நீதிபதியை நியமிப்பதே தூதரகங்கள் என்றானது. கடைசியில் 1927ல் பொதுக் குடியிருப்பின் நீதிமன்றமும், 1931ல் பிரெஞ்சுக் குடியிருப்பின் நீதிமன்றமும் சீனர் கைக்குத் திரும்பின.

இதைப் படித்துவிட்டு "அட, சீனாவில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது" என்று வியந்தவன்தான் நானும். இதற்கெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே நம்ம பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தது என்பது அப்போது தெரியாது.

சாவடியில் உட்கார்ந்த நீதி

நம்ம கடற்கரையை நினைத்துப் பாருங்கள். வடக்கே தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. தெற்கே நாகப்பட்டினம் 1781 வரை டச்சுக்காரர்களிடம் இருந்தது. நடுவில் காரைக்கால். தஞ்சை அரசிடமிருந்து 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஒரு நாளில் நடந்து கடந்துவிடக்கூடிய தூரத்தில் மூன்று ஐரோப்பியக் கொடிகள்! ஆனால் கொடியின் கீழே இருந்தவர்கள் எல்லாம் ஒரே தமிழ்க் குடும்பங்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்தக் கொடிகளைத் தாண்டித்தான் நடந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றிய ஆரம்ப காலத்திலேயே தமிழர்களுக்கென்று ஒரு நீதிமன்றம் ஏற்பட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷோத்ரி'. பிரெஞ்சு வார்த்தை போல இருக்கிறதா? இல்லை, நம்முடைய சாவடிதான். நீதிபதி பிரெஞ்சுக் கம்பெனி அதிகாரி. வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாம் தமிழர்கள். தீர்ப்புக்கு அடிப்படை பிரெஞ்சுச் சட்டம் அல்ல, அந்தந்தச் சாதியின் வழக்கம். அந்த வழக்கம் என்னவென்று சாதிப் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நீதிபதி தீர்ப்புச் சொல்வார். வழக்கத்தை அவர்கள் 'மாமூல்' என்றே பிரெஞ்சில் எழுதினார்கள். (இன்றைக்கு மாமூல் என்றால் வேறு அர்த்தம், அதை விடுங்கள் :-) )

1766 முதல் 1817 வரை இந்தச் சாவடி கொடுத்த தீர்ப்புகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புத்தகமாகவே போட்டிருக்கிறது. பாகப் பிரிவினை, கடன், தத்து என்று நம் தாத்தாக்களின் சண்டைகள் எல்லாம் பிரெஞ்சில் தூங்குகின்றன.

இது நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் சாவடிக்கு மேலே கம்பெனியின் மேல் சபை இருந்தது. அங்கே கலப்பு எதுவும் கிடையாது. அங்கே என்ன நடக்கும் என்பதற்கு நயினியப்பப் பிள்ளை வழக்கு ஒன்று போதும். இவர் கம்பெனியின் தலைமைத் துபாஷி. புகழ்பெற்ற நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நெருங்கிய உறவினர். 1716ல் கவர்னர் ஏபேர் இவரைக் கைது செய்து, கலகம் தூண்டினார், கொடுமை செய்தார் என்று குற்றம் சாட்டினார். சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனது. தண்டனை: கடைத்தெருவில் 50 கசையடி, 3 வருஷச் சிறை, 8,888 வராகன் அபராதம். 1717ல் சிறையிலேயே இறந்துபோனார். 1720ல் பிரான்சில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. செத்தவருக்கு நீதி கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

1819ல் கொடுத்த வாக்கு

ஆங்கிலேயருடன் நடந்த போர்களில் காரைக்கால் பல தடவை கை மாறி, கடைசியாக 1817ல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. வந்தவர்கள் கையோடு நெப்போலியன் காலத்துச் சட்டத் தொகுப்புகளையும் கொண்டுவந்தார்கள். 1819 ஜனவரி 6 அன்று அந்தத் தொகுப்புகள் இங்கே அமலுக்கு வந்தன. சாவடி நீதிமன்றத்தின் காலம் முடிந்தது.

ஆனால் அதே உத்தரவில் ஒரு வாக்கும் இருந்தது. இந்துவோ, முஸ்லிமோ, கிறிஸ்தவரோ, இந்தியர்களுக்குக் குடும்ப விஷயங்களில் முன்போலவே அவரவர் சட்டமும் சாதி வழக்கமும்தான் செல்லும் என்பது அந்த வாக்கு. கிறிஸ்தவர் என்பதைக் கவனியுங்கள். ஞானஸ்நானம் வாங்கினாலும் சொத்துப் பிரிப்பதில் பழைய வழக்கமே தொடர்ந்தது.

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் காரைக்கால் கோர்ட்டில் உட்காரும் பிரெஞ்சு நீதிபதிக்கு நம் வழக்கம் எங்கே தெரியும்? அதற்காக 1827ல் புதுச்சேரியில் 'இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு' என்று ஒன்று அமைத்தார்கள். உறுப்பினர்கள் எல்லாம் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். நீதிபதிக்குச் சந்தேகம் வந்தால் கேள்வி எழுதி அனுப்புவார். "இன்ன சாதியில் விதவை தத்து எடுக்கலாமா?" "தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் பொறுப்பா?" இப்படி. குழு கூடிப் பேசிப் பதில் அனுப்பும். முடிவு நீதிபதியுடையது.

ஆங்கிலேயரும் 1772 முதல் கோர்ட்டுகளில் பண்டிதர்களையும் மௌலவிகளையும் வைத்திருந்தார்கள். 1864ல் அவர்களை அனுப்பிவிட்டு, இனி எங்களுக்கே எல்லாம் தெரியும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் செய்தது இன்னொரு விதம். தமிழர் வழக்கங்களைத் திரட்டி, 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்து, 1707ல் தேசவழமை என்று சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். வடமாகாணத் தமிழர்களுக்கு அது இன்றும் செல்லுபடியாகிறது.

நம்ம ஊரில் அப்படி ஒரே புத்தகம் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு வழக்காகக் கேள்வி, பதில், தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு அடுத்த வழக்குக்கு ஆதாரம். இப்படி நூறு வருஷம் போனதில், 'பழைய வழக்கம்' என்ற பெயரில் ஒரு புதுச் சட்டமே உருவாகிவிட்டது.

உதாரணம் வேண்டுமா? வாஞ்சூர் தாண்டினால் நாகூர், ஆங்கிலேயர் எல்லை. அங்கே பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. அவன் பங்கை அப்பா இஷ்டத்துக்கு விற்க முடியாது. வாஞ்சூருக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட இந்து வழக்கப்படி, அப்பா உயிரோடு இருக்கும் வரை சொத்துக்கு அவர் ஒருவரே முழு உரிமையாளர். மகனுக்குப் பிறப்புரிமை கிடையாது. ஒரே சாதி, ஒரே குலதெய்வம், சம்பந்தி வீடு. நடுவில் ஒரு எல்லைக்கோடு, இரண்டு 'பழைய வழக்கம்'!

பொன்னுத்தம்பியின் ஷூ

1873ல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் காலில் ஐரோப்பிய ஷூவோடு போனார். இந்தியர்கள் கோர்ட்டுக்குள் இப்படி வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். வழக்கம் அப்படியாம். பாருங்கள், நம்மைக் காப்பாற்றுவதாகச் சொன்ன அதே 'வழக்கம்' இங்கே காலைப் பிடித்து இழுக்கிறது.

பொன்னுத்தம்பி விடவில்லை. பாரிசில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கொதேன் என்ற வழக்கறிஞர். பொன்னுத்தம்பி ஜெயித்தார். ஷூ கோர்ட்டுக்குள் வந்தது.

ஆனால் அவருக்கு அது போதவில்லை. வழக்கம் என்ற வேலிக்குள் இருக்கும் வரை இந்தியனுக்கு இரண்டாவது இடம்தான். வேலியை விட்டு வெளியே வர வழி வேண்டும். அந்த வழி 1881 செப்டம்பர் 21 அன்று வந்த ஆணையில் கிடைத்தது. வயது வந்த இந்தியர் யாரும் அதிகாரி முன் போய், என் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். அன்று முதல் அவருக்கும் மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம். ஒரு தடவை துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. கூடவே ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம்.

அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் அதிகம். சாதி வழக்கத்தால் லாபம் பார்த்தவர்கள் எதற்கு அதைத் துறக்கப் போகிறார்கள்? எதிர்ப்பும் கிளம்பியது. 1884ல் தேர்தலுக்கு வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என்று மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுக்காரனுக்குச் சமம் என்றார்கள். போட்ட பிறகு தனி வரிசையில் நிற்க வைத்தார்கள்.

15 மா நிலம்

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். சுமார் 1930, காரைக்கால் பக்கத்தில் ஒரு தெரு. ஒருவருக்கு 15 மா நஞ்சை. மனைவி முன்பே காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். உயில் எழுதாமல் இறந்துபோகிறார். மகளுக்கு எவ்வளவு?

துறக்காத இந்து வீடு என்றால் மகன்களுக்கு ஆளுக்கு ஏழரை மா. மகளுக்கு ஒன்றும் இல்லை. கல்யாணம் செய்து வைத்ததோடு சரி.

முஸ்லிம் வீடு என்றால் மகன்களுக்கு ஆறு ஆறு, மகளுக்கு மூன்று.

ரெனோன்சான் வீடு என்றால் மூன்று பேருக்கும் ஐந்து ஐந்து ஐந்து.

உயில் எழுதி மகளை ஒதுக்கிவிடலாம் என்று ரெனோன்சான் அப்பா நினைத்தாலும் அது நடக்காது. மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் நாலில் மூன்று பாகம் பிள்ளைகளுக்கென்று சட்டமே ஒதுக்கி வைத்துவிடும். மீதிக் கால்வாசியைத்தான் அவர் இஷ்டப்படி எழுதலாம்.

இப்போது ஒரே மாதா கோயிலுக்குப் போகும் அண்ணன் தம்பி இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் 1882ல் கையெழுத்துப் போட்டார், தம்பி போடவில்லை என்று வையுங்கள். அண்ணன் பேத்திக்குச் சம பங்கு. தம்பி பேத்திக்கு மகன்களுக்குப் பிறகு மிஞ்சியது. அந்தப் பேத்திகள் பிறப்பதற்கு முன்பே, யாரும் அவர்களைக் கேட்காமலே, ஒரு கையெழுத்து இதை முடிவு செய்துவிட்டது. பந்தியில் அந்தப் பெரியவர் "சட்டமே வேற" என்று சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது.

இந்தியாவில் இந்துப் பெண்ணுக்கு அப்பா சொத்தில் மகனோடு வாரிசு உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956ல். அது புதுச்சேரி, காரைக்காலுக்கு நீட்டிக்கப்பட்டது 1963ல். ரெனோன்சான் வீட்டுப் பெண்ணுக்கு அதற்குச் சுமார் 80 வருஷம் முன்பே சம பங்கு இருந்தது.

ஆனால் பிரெஞ்சுச் சட்டம் பெண்ணுக்குச் சொர்க்கம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 1804ல் எழுதிய அந்தச் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றே சொன்னது. மகளாக இருந்தால் முழு ஆள், மனைவியானால் கணவனின் கையெழுத்துக்குக் காத்திருப்பவள். பிரான்சிலேயே அந்தக் கீழ்ப்படிதல் வாசகத்தை நீக்கியது 1938ல்தான். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி வேலைக்குப் போகலாம், வங்கிக் கணக்கு வைக்கலாம் என்று தெளிவாக்கியது 1965ல்.

உறைந்துபோன சட்டம்

1954 நவம்பர் 1ல் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்தது. 1956ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இணைப்பு முடிந்து, சென்னை உயர் நீதிமன்றம் நமக்கு மேல் நீதிமன்றம் ஆனது. 1963லும் 1968லும் இந்தியச் சட்டங்கள் வரிசையாக நீட்டிக்கப்பட்டன.

ஆனால் ரெனோன்சான்களை மட்டும் தனியாக விட்டார்கள். இந்துத் திருமணச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 2வது பிரிவில், புதுச்சேரி யூனியன் பிரதேசத்து ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு உட்பிரிவு இருக்கும். 1963ல் சேர்த்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் அப்படியே. இவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1962ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள் வேறு. இந்தியக் குடிமகனாக, ஆதார் அட்டையோடு, குடும்ப விஷயத்தில் பிரெஞ்சு சிவில் சட்டத்தோடு வாழ்பவர்தான் ரெனோன்சான்.

கோவாவில் போர்த்துகீசிய சிவில் சட்டம் இன்றும் இருக்கிறது என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அது அங்கே எல்லா மதத்தாருக்கும் பொது. நம்ம ஊரில் முன்னோர் கையெழுத்துப் போட்ட வீட்டுக்கு மட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸ் தன் சட்டத்தை 1965, 1972 என்று திருத்திக்கொண்டே போய்விட்டது. இந்த மண்ணை விட்டுப் போன பிறகு அங்கே செய்த திருத்தம் இங்கே வராது. இந்திய நாடாளுமன்றம் செய்த இந்து சட்டத் திருத்தங்களும் இவர்களைத் தொடாது. இரண்டு பக்கமும் வளராத ஒரு சட்டம். முன்னேற்றம் என்று நம்பி 1881ல் மாட்டிக்கொண்ட சட்டை, இன்று பழைய அளவிலேயே நிற்கிறது.

எனக்குப் புரிந்தது

ஷாங்காயையும் காரைக்காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஷாங்காயில் சீன நீதிபதிக்குப் பின்னால் ஒரு சீன அரசு இருந்தது. பலவீனமான அரசுதான், ஆனாலும் "இது எங்கள் சட்டம், திருப்பிக் கொடு" என்று கேட்க ஒருவர் இருந்தார். அதனால் 1927லும் 1931லும் கோர்ட்டைத் திரும்ப ஒப்படைக்க முடிந்தது.

நம்ம வழக்கத்துக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. கேள்வி கேட்டவர் பிரெஞ்சு நீதிபதி. பதில் சொன்னவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். அந்தக் குழுவில் ஒரு விதவையையோ, ஒரு மகளையோ, சேரியிலிருந்து ஒருவரையோ கூப்பிட்டு "உன் வழக்கம் என்ன?" என்று கேட்டிருப்பார்களா? சட்டத்தைக் கலந்தார்கள், சரி. கலக்கும்போது யாரைக் கேட்டார்கள் என்பதுதான் மகளுக்குப் பூஜ்யமா ஐந்து மாவா என்பதை முடிவு செய்திருக்கிறது. பொது சிவில் சட்டம் வேண்டும், வேண்டாம் என்று இன்றைக்கு டிவியில் சண்டை போடுகிறவர்களும் இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் பார்வதீசுவரர் கோயில் தேவாரத்தில் திருத்தெளிச்சேரி என்று பாடப்பட்ட இடம். சம்பந்தர் காலத்துப் பாட்டு வரை எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதே தெருக்களில் நூறு வருஷத்துக்கு முன்னால் யார் எந்தச் சட்டத்தில் வாழ்ந்தார்கள் என்று கேட்டால்தான் பாயசத்தில் இறங்கிவிடுகிறார்கள் :-)

காரைக்கால், புதுச்சேரி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் நோத்தேர் எழுதிய பழைய பிரெஞ்சுப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு தெரிந்த யாரையாவது உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் பாட்டிக்கு எத்தனை மா வந்தது, அல்லது ஏன் வரவில்லை என்பது அதில் இருக்கும்.